கெலோனியா கடலாமைக் காப்பகத்துக்குக் குடும்பப் பயணம்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, ரீயூனியன் தீவின் மேற்குக் கரையில் சென் லெ ஊரில் உள்ள கெலோனியாவுக்கு நம் தமிழ் வகுப்புக் குடும்பங்கள் சேர்ந்து செல்கிறோம். காலை 10 மணிக்கு நுழைவாயிலில் கூடுவோம்.

இறைச்சிக்கும் ஓட்டுக்குமாக ஆமைகளை வளர்த்த பண்ணை இருந்த இடமே, 2006ஆம் ஆண்டு முதல் கெலோனியா என்ற பெயரில் ஆய்வும் சிகிச்சையும் நடக்கும் இடமாக இயங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்து வாருங்கள். சூரைக்கும் வாள்மீனுக்கும் போடும் நெடுந்தூண்டிலின் (பல முட்கள் கோத்த மிக நீண்ட கயிறு) முள்ளை விழுங்கிய பெருந்தலை ஆமைகளை மீனவர்களே இங்கு கொண்டுவந்து சேர்க்கிறார்கள். குணமானபின் செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கடலில் விடப்பட்டவற்றுள் பல, வடக்கே வெகுதொலைவில் உள்ள ஓமான் கரையை நோக்கி நீந்திச் சென்றது பதிவாகியுள்ளது. ஆகவே மீன் தொட்டிகளை விரைவாகப் பார்த்துவிட்டு, ஆமைகள் இருக்கும் பகுதியில் கூடுதல் நேரம் செலவிடுவதே நல்லது என்று கருதுகிறேன். முட்டைகள் புதைந்த மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கும் என்பதையும் பெரிய பிள்ளைகளுக்கு அங்கே விளக்கலாம்.

கண்ணாடியைத் தட்டுவதும், ஒளிவிளக்குடன் படம் எடுப்பதும், உணவு போடுவதும் கூடாது. வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் தொப்பியும் குடிநீரும் தேவை.

வருவோர் எண்ணிக்கையையும் பிள்ளைகளின் வயதையும் வெள்ளி இரவுக்குள் இக்குழுவிலேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.