தேக்காவிலும் பட்டறைகள் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்ணாடிக் கலைஞர்களும் துணிக் கலைஞர்களும் சேர்ந்து தங்கள் பட்டறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருந்ததை அண்மையில் மகளுடன் போய்ப் பார்த்தேன். கட்டணம் இல்லை. எதையும் வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

கண்ணாடி மணி செய்யும் பெண்மணி, எரிவாயுச் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி மெல்லிய எஃகுக் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தார். கம்பியின் மேல் களிமண் போல ஒரு பூச்சு. அது இல்லாவிட்டால் மணி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றவே முடியாது. கண்ணாடியில் உள்ள சோடியத்தால் சுடர் மஞ்சளாக எரிய, உள்ளே என்ன நடக்கிறதென்று எங்களுக்குத் தெரியவில்லை. இதற்கென்றே தம்மிடம் இருந்த, மஞ்சள் ஒளியை வடிகட்டும் இன்னொரு மூக்குக்கண்ணாடியை மகளிடம் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் மஞ்சள் ஒளி காணாமல் போய், உருகும் மணி மட்டும் பளிச்சென்று தெரிகிறது! செய்த மணியைச் சும்மா ஆறவிடவும் கூடாதாம். வெளிப்புறம் முந்தி ஆறினால் விரிசல் விட்டுவிடும். அதனால் சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள சூளையில் வைத்து மெல்ல மெல்லச் சூட்டைக் குறைக்கிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கலை என்று மகள் நினைத்திருந்தாள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்தார்கள். இங்கே சிங்கப்பூரில், ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984 முதல் நடந்த அகழாய்வுகளிலும் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன என்று அவளிடம் சொன்னேன். பள்ளியில் படித்திருந்தால்கூட இவ்வளவு ஆர்வமாகக் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அடுத்த அறையில் தறி. நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் பழைய சேலைகளைக் கிழித்த பட்டைகள். ஓரிடத்தில் ஜரிகைக் கரை மின்னியது. பாவின் ஒவ்வோர் இழையையும், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதில் கோத்து, அப்புறம் சீப்பு போன்ற அச்சிலும் கோத்த பிறகுதான் நெசவே தொடங்கும். ஓர் இழை இடம் மாறினாலும் துணி நெடுகக் கோடு விழுமாம். கைவேலை என்றாலே பேரம் பேசுகிறவர்கள் அந்தத் தறிக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும்.

வந்திருந்தவர்களில் தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆர்வம் இல்லாததால் அல்ல, செய்தி வந்து சேராததால்தான் என்று நினைக்கிறேன். கலைஞர்கள் சமூக ஊடகங்களில் ஆங்கிலத்தில் அறிவிப்பதோடு சரி. இத்தகைய நிகழ்ச்சிகளைத் தங்கள் இதழின் நிகழ்ச்சிப் பகுதியில் முன்கூட்டியே வெளியிட்டால் குடும்பத்தோடு போக வசதியாக இருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று உண்டு. லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் ரவிக்கை தைப்பவர்கள், கேம்பல் லேனில் மாலை கட்டுபவர்கள், சிராங்கூன் சாலைப் பக்கம் நகை பழுதுபார்ப்பவர்கள் எல்லாரும் நம் கண்முன்னேதான் வேலை செய்கிறார்கள். ஆனால் நாம் பொருளை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறோம். பூமாலை கட்டும் கலையைத் தேசிய மரபுடைமைக் கழகம் தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பட்டியலில் இருந்தால் மட்டும் போதுமா? ரோஜாவுக்கும் சம்பங்கிக்கும் நடுவே அந்த விரல்கள் எப்படி முடிச்சுப் போடுகின்றன என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

கடையில் இடம் குறைவு, வேலை நெருக்கடி என்று அவர்கள் சொன்னால் அது நியாயமே. ஆகவே தீபாவளி, பொங்கல் சமயம் வேண்டாம். கூட்டமில்லாத ஒரு வார நாள் மாலையில் இரண்டு மூன்று கடைகள் போதும், ஒரு நேரத்தில் ஏழெட்டுப் பேர் போகலாம். 2015 முதல் கேம்பல் லேனிலேயே இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் முன்னின்று நடத்தினால் பொருத்தமாக இருக்கும். மாலை கட்டுபவர்களையும் தையற்காரர்களையும் சும்மா வந்து செய்து காட்டச் சொல்லக் கூடாது. அந்த நேரத்து வருமானம் குறையாதபடி ஒரு தொகை கொடுத்தே அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தெம்பனிஸ்