அலசானி ஆற்றங்கரை வீட்டுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெபியாவுக்கும் பாபுவாவுக்கும் வீட்டில் உள்ள எல்லோருக்கும்,

கால் முழுதாகக் குணமாகிவிட்டது. பெபியா முதலில் கேட்கப்போவது அதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று திராட்சைப் பந்தலுக்கு அடியில் இரண்டு மணி நேரம் நின்றபடி கவாத்து செய்தேன். வலி இல்லை.

உங்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது முப்பது சொற்கள் இருக்கும். பெபியா என்றால் பாட்டி, பாபுவா என்றால் தாத்தா. மற்றவற்றில் பாதி சாப்பாட்டின் பெயர்கள். அதனால் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கும் நாகர்கோவில் தங்கை இதை உங்கள் வீட்டுக்கே வந்து ஜார்ஜிய மொழியில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் பார்க்கும்படி எழுத ஒரு காரணம் உண்டு. எனக்கு உதவியவர்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரில் ஜார்ஜியா என்றதும் பலர் அமெரிக்காவில் உள்ள மாநிலம் என்றே நினைத்தார்கள். இது கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலைகளின் தெற்குச் சரிவில் இருக்கும் தனி நாடு. தமிழ்நாட்டில் பாதியைவிடக் கொஞ்சம் பெரியது. தங்கள் நாட்டை அவர்கள் சகார்த்வேலோ என்கிறார்கள். நான் அங்கே போனது அப்பாவால்தான். கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குச் சிறிய பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. 2017 கடைசியில் செய்தித்தாளில் ஒரு துண்டுச் செய்தி வந்தது. திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா, ஷுலவேரிஸ் கோரா என்ற இரண்டு மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில், திராட்சையில் மிகுந்திருக்கும் டார்டாரிக் அமிலத்தின் தடயம் இருந்ததாம். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே திராட்சையிலிருந்து ஒயின் செய்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. அப்பா அதை வெட்டி வரவு செலவு நோட்டுக்குள் வைத்தார். "நம்ம கொடிக்கெல்லாம் பாட்டன் ஊரு அதுதான் போல" என்றார். 2022இல் அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை அவர் பார்க்கவில்லை. நோட்டைப் புரட்டும்போது அந்தத் துண்டுத்தாள் மறுபடி கைக்கு வந்தது. சரி, போய்ப் பார்ப்போம் என்று ஒரு முதுகுப் பையோடு 2024 செப்டம்பரில் கிளம்பினேன்.

முதல் பத்து நாள் திபிலிசியிலும் ஸ்தெபாந்த்ஸ்மிந்தா என்ற மலையூரிலும் போயிற்று. 2,170 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெர்கெத்தி தேவாலயத்துக்கு ஏறிய அன்று நான் நடுங்குவதைப் பார்த்து, தன் தோளில் கிடந்த கம்பளிப் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன பெண்ணுக்கு என் நன்றி. போர்வை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திபிலிசியில் மார்ஷ்ருட்கா வேன்கள் நிற்கும் இடத்தில் எந்த வண்டி தெலாவி போகும் என்று புரியாமல் நான் அம்மாவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து "அக்கா, நீங்க தமிழா?" என்ற குரல் வந்தது. அதுதான் நாகர்கோவில் தங்கை. வண்டியில் ஏற்றிவிட்டு, தன் எண்ணையும் கொடுத்தாள். அந்த எண் இல்லையென்றால் பின்னால் நடந்ததெல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அலவேர்தி மடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கிராமத்துக்கு நடந்து போக நினைத்தேன். பதினோராம் நூற்றாண்டுக் கோயில். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் திராட்சைக் கொடி, அப்பால் மலை. கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் வாய்க்கால் ஓரம் கால் மடங்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. சற்று நேரத்தில் கணுக்கால் வீங்கிவிட்டது. அந்த நேரம் திராட்சை ஏற்றிய ஒரு பழைய லாரி வந்து நின்றது.

லாரிக்கார அண்ணனுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்னிருக்கையில் இருந்த பெட்டிகளை இறக்கிப் பின்னால் வைத்துவிட்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தீர்கள். இந்தியா என்று நான் சொன்னதும் "கெதெவான்" என்று நெஞ்சில் கைவைத்தீர்கள். எனக்கு அப்போது விளங்கவில்லை. ககேத்தி நாட்டு ராணி கெதெவான் 1624இல் பாரசீகத்தில் கொல்லப்பட்டதும், அவருடைய எலும்பின் ஒரு பகுதி கோவாவுக்கு வந்து சேர்ந்ததும், பழைய கோவாவின் இடிந்த மடத்தில் அது கண்டெடுக்கப்பட்டு 2021இல் இந்திய அரசு உங்கள் நாட்டிடம் ஒப்படைத்ததும் தங்கை சொல்லித்தான் தெரியும். ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் நன்றி வேறொன்று. நீங்கள் திராட்சையை இறக்கப் போகாமல் நேராக என்னைத் தெலாவியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள். மூன்று மணி நேரம் வாசலில் காத்திருந்தீர்கள். பறித்த பழம் வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று திராட்சைக்காரர் மகளுக்குத் தெரியும். ஒரு வண்டிப் பழம் வெயிலில் நின்றது எனக்காக. இதை நான் மறக்கமாட்டேன்.

எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது, பத்து நாள் காலை ஊன்றக் கூடாது என்றார் மருத்துவர். அவர் சொன்னதையெல்லாம் வகுப்புக்கு வெளியே நின்றபடி போனில் எனக்குத் தமிழில் சொன்னவள் தங்கைதான். அம்மாவுக்கும் அவளே பேசித் தைரியம் சொன்னாள். தங்கச்சி, உன் கையால் ஊருக்கெல்லாம் நல்லது நடக்கட்டும்.

அப்புறம் லாரி வந்து நின்றது உங்கள் வீட்டு வாசலில், பெபியா.

யார், எவர் என்று நீங்கள் விசாரிக்கவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "கெனாத்சவாலே" என்றீர்கள். நாளுக்கு நூறு தடவை சொல்வீர்கள். உன் இடத்தில் நான் இருக்கிறேன், உன் துன்பம் எனக்கு வரட்டும் என்று அதற்குப் பொருளாம். தங்கை அதைச் சொன்ன அன்று நான் உங்கள் கன்னத்தைத் தடவி என் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறித்தேன். எங்கள் ஊரில் பாட்டிமார் அந்தச் சொல்லைக் கையால் சொல்வார்கள். மறுநாள் காலை நீங்கள் பேரனுக்கு நெட்டி முறித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பேரன் தன் அப்பாவை "மாமா, மாமா" என்று கூப்பிட்டது எனக்கு இரண்டு நாள் குழப்பமாகவே இருந்தது. உங்கள் மொழியில் மாமா என்றால் அப்பாவாம்.

நீங்கள் வைத்த பீன்ஸ் கறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்சட்டியில் வெந்த லோபியோ. மூடியைத் திறந்ததும் கொத்தமல்லித் தழை வாசம் வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் ஏன் அழுதேன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுதது வலியால் இல்லை, அந்த வாசத்தால்.

உங்கள் வீட்டில் அது ர்த்வேலி நேரம், அதாவது திராட்சை அறுவடை. ஒரு கை குறைந்தாலும் கஷ்டம். அந்த நேரத்தில் படுக்கையில் ஒரு ஆள் என்றால் எவ்வளவு சுமை என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் முற்றத்துக் கொடிக்கு அடியில் முக்காலியில் உட்கார்ந்து பழம் பொறுக்கக் கேட்டேன். பெபியா மறுத்தார். பாபுவா என் கையிலிருந்த பழைய கத்தரி வடுக்களைப் பார்த்தார். பேசாமல் ஒரு கூடையை எடுத்து வைத்தார்.

பாபுவா, அதற்குப் பிறகு நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நோட்டில் இருக்கிறது, அப்பாவின் அதே நோட்டில். உங்கள் திராட்சை வகையான சபேராவி என்றால் சாயம் என்று பொருள், அதன் சதையே சிவப்பு என்று ஒரு பழத்தைப் பிய்த்துக் காட்டினீர்கள். எங்கள் பன்னீருக்குத் தோல்தான் கருப்பு. எங்கள் ஊரில் குளிர்காலம் இல்லை, கவாத்து செய்தால் கொடி மறுபடி துளிர்க்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை காய்க்கும் என்று நான் சொன்னபோது நீங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, "கொடி எப்போது தூங்கும்?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை இங்கே வந்து நாலு விவசாயிகளிடம் சொன்னேன். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

மரானிக்குள், அதாவது ஒயின் வைக்கும் அறைக்குள், என்னைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போன நாளில் தரையில் வட்ட வாய்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே ஆள் இறங்கும் அளவு மண் தாழிகள் கழுத்து வரை புதைந்திருந்தன. க்வேவ்ரி என்று நீங்கள் சொல்ல, தாழி என்று நான் சொன்னேன். எங்கள் ஊரில் பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழியும் இதே மாதிரிதான் இருக்கும் என்று சொல்ல நினைத்தேன், அந்த இடத்தில் சொல்லத் தோன்றவில்லை. வார்திசுபானி ஊர்க் குயவர்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி எழுப்புவதையும், சுட்ட பிறகு உட்புறம் தேன்மெழுகு பூசுவதையும் படம் வரைந்து காட்டினீர்கள். குடைந்த மரத்தொட்டியில் பையன்கள் காலால் மிதித்த சாறு, தோல், விதை, காம்பு எல்லாம் சேர்ந்தே தாழிக்குள் போகிறது. பொங்கும் நாட்களில் பகலும் இரவும் பலமுறை துழாவுகிறீர்கள். பொங்கி அடங்கியதும் மூடி, வசந்தம் வரை திறப்பதில்லை. அடி கூராக இருப்பதால் விதைகள் முதலில் அங்கே போய்ப் படிந்துவிடும், அவற்றின் கசப்பு மேலே வராது என்று சொல்லி, ஒரு முட்டையைக் கையில் நிறுத்திக் காட்டினீர்கள். 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகச் சேர்த்தது என்பதை நான் முன்பே படித்திருந்தேன். அது இவ்வளவு நுட்பமானது என்று அந்த முட்டையைப் பார்த்துத்தான் புரிந்தது.

1985இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் காலத்து மது எதிர்ப்பு இயக்கத்தில் கொடிகளை வேரோடு பிடுங்கியதையும், 2006இல் ரஷ்யா உங்கள் ஒயினை வாங்குவதை நிறுத்தியபோது பழத்துக்கு விலை இல்லாமல் நின்றதையும் சொன்னீர்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை கிசி வகைத் திராட்சைக் கொடியை மட்டும் விடாமல் வைத்திருந்ததாகச் சொன்னபோது உங்கள் குரல் மாறிவிட்டது. எங்கள் அப்பாவும் அப்படித்தான். விலை இல்லாத ஆண்டில் பந்தலைப் பிரித்துவிடச் சொன்னவர்களோடு அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கடைசி நாள் விருந்தைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. நான் குடிப்பதில்லை. எங்கள் வீட்டில் சித்தப்பா ஒருவரைக் குடி கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்கு நடுக்கம். உங்கள் சுப்ரா விருந்தில் உட்காரும்போது எனக்குப் பயம். மறுத்தால் மனம் நோகுமோ, வற்புறுத்துவார்களோ என்று. தங்கை போனில் எடுத்துச் சொன்னாள். தமாதாவாக, அதாவது விருந்தை நடத்தி வாழ்த்துச் சொல்பவராக இருந்த நீங்கள், பாபுவா, முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து போய், அன்று மிதித்த சாற்றை ஒரு கோப்பையில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை. இரவு முழுவதும் ஒருவரும் அந்தக் கோப்பையைப் பற்றிக் கேட்கவில்லை.

உங்கள் ஊரில் யாரும் சும்மா குடிப்பதில்லை. தமாதா ஒன்றைச் சொல்ல வேண்டும், எல்லோரும் அதை நினைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கோப்பை வாய்க்குப் போகிறது. அமைதிக்கு, நாட்டுக்கு, பிறகு இறந்தவர்களுக்கு. அந்த இடம் வந்தபோது என் அப்பாவின் பெயரைக் கேட்டீர்கள். சொன்னேன். பதினோரு பேரும் அந்தத் தமிழ்ப் பெயரைத் தங்கள் நாக்குக்கு வந்தபடி சொன்னார்கள். ரொட்டித் துண்டில் சில சொட்டு விடச் சொல்லிக் காட்டினீர்கள். நான் சாற்றை விட்டேன். நாங்கள் அமாவாசைக்குப் படையல் வைப்போம், அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் வைப்போம். ஆனால் எட்டாயிரம் ஆண்டுக் கொடியின் ஊரில் அவர் பெயரை ஒரு திராட்சைக்காரர் எழுந்து நின்று சொன்னதைப் போல ஒரு படையலை என்னால் வைத்திருக்க முடியாது. பிறகு உங்களில் மூவர் மூன்று குரலில் பாடினீர்கள். நான் அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக அவரை நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

பணம் வாங்க மறுத்தீர்கள். தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். ஷார்ஜா விமான நிலையத்தில் பையைத் திறந்தபோது அந்தப் பணம் அப்படியே இருந்தது, நாலு சுர்ச்கேலாவோடு ஒரே துணியில் சுற்றப்பட்டு. அக்ரூட் கோத்த அந்தச் சாற்றுத் திரியை வெட்டித் தெருவுக்கே கொடுத்தேன். அம்மா ஒன்றைத் தனியாக எடுத்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்தார்.

இப்போது உங்கள் ஊரில் பனி விழுந்திருக்கும், தாழிகள் மூடிக் கிடக்கும். இந்த மடலோடு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். புகைப்படங்கள், பெபியாவுக்குச் சுங்குடிப் புடவைத் துணியில் தைத்த ஒரு தலைத்துணி, பாபுவாவுக்குக் கொஞ்சம் புளி. பழைய பானை ஓட்டில் கண்டுபிடித்த அதே டார்டாரிக் அமிலம்தான் இதன் புளிப்பு. துளி நாக்கில் வைத்துப் பாருங்கள், பாபுவா. பன்னீர்க் கொடியின் குச்சி கேட்டிருந்தீர்கள். நாடு விட்டு நாடு செடி அனுப்ப முறைப்படி அனுமதி வேண்டுமாம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன். லாரிக்கார அண்ணனுக்கும் ஒரு படம் வைத்திருக்கிறேன், அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

தங்கச்சி, இதைப் படிக்கும்போது பெபியாவின் வலது பக்கம் உட்கார். இடது காது அவருக்குக் கேட்காது. முடித்ததும் எனக்காக ஒரு தடவை நெட்டி முறித்துவிடு.

திதி மத்லோபா, மிக்க நன்றி.

சுருளிப்பட்டியிலிருந்து,
உங்கள் வீட்டுப் பெண்