பாப்பா பள்ளிக்கூடம் போகுமுன்

காரைக்குடி,
மே 4.

அன்புள்ள உமையாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்துவிட்டாள் என்பதில் ரொம்பச் சந்தோஷம். மேலே படிக்குமுன் ஒரு வருஷம் பள்ளியில் பிள்ளைகளோடு வேலை பார்க்கவேண்டும் என்று அவளே கேட்கிறாள் என்றால் அது நல்ல புத்தி, தடுக்காதே. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, கொப்புடையம்மன் திருவிழாவும் நெருங்குகிறது. மற்ற சேதி நேரில். அவள் எங்கே போவது, எப்படி நடந்துகொள்வது என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

கவுன்சலர் என்று சொல்லிக்கொண்டு அவள் எந்தப் பள்ளிக்குள்ளும் நுழையக் கூடாது. இந்தப் பட்டம் அதற்குப் போதாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு வேண்டும். ஐ.கியூ. டெஸ்டை எங்கிருந்தோ இறக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். "உதவிக்கு வந்திருக்கிறேன்" என்று போனால் எச்.எம். முதல் ஆயா வரை இடம் கொடுப்பார்கள்.

எங்கே போவது? சாக்கோட்டை வட்டார வள மையத்தில் சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக் கல்வித் திட்டத்தில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவர்கள் அவர்கள். நாலு நாள் அவர்களோடு சுற்றினாலே நிறையத் தெரியும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்வித் துறையிலும் கேட்கலாம். தனியார் பள்ளிகளில் ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கூட இருந்து உதவும் வேலை கிடைக்கும், சம்பளமும் உண்டு. ஆனால் பல இடங்களில் அந்தச் சம்பளத்தைப் பிள்ளையின் பெற்றோர்தான் தருவார்கள். அப்போது வகுப்பு டீச்சர் இவளை வேவு பார்க்க வந்தவளாக நினைத்துவிடுவார். முதல் நாளே டீச்சரிடம் தனியாகப் பேசி, எழுதுவதை எல்லாம் அவரிடம் முதலில் காட்டுவதாகச் சொல்லிவிடட்டும்.

ஜூனில் சேர்ந்தால் டிசம்பர் அரையாண்டு வரையாவது இருக்கவேண்டும். ஒரே ஒரு மாதம் தினமும் போய்விட்டு நின்றுவிடுவதைவிட, வாரம் 3 நாள், காலையில் 2 பீரியட் என்று 6 மாதம் போவது மேல். பிள்ளை மனம் திறப்பதற்கே மூன்று நாலு வாரம் ஆகும். திறந்த நேரம் பார்த்து இவள் கிளம்பினால், வராமல் இருந்திருக்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் புதிதாகச் சேரவே வேண்டாம். பொதுத்தேர்வுக் காய்ச்சலில் எந்த எச்.எம்.முக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

முதல் 2 வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான் வேலை. நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அப்புறம் என்ன ஆனது. "அடம் பிடித்தான்" என்று எழுதினால் அது தீர்ப்பு, குறிப்பு இல்லை. இப்படி எழுதவேண்டும்: "10.20. டீச்சர் வரிசையாக வாசிக்கச் சொன்னார். தன் முறைக்கு முன் இரண்டு பேர் இருக்கும்போது பென்சிலை முன் பெஞ்சுப் பையன்மேல் எறிந்தான். டீச்சர் வெளியே நிற்கவைத்தார். வாசிக்கும் முறை அவனைத் தாண்டிப் போய்விட்டது." நாலைந்து நாள் எழுதினால் நோட்டே பேசும். வெளியே நிற்பது அவனுக்குத் தண்டனையே இல்லை, தப்பிக்கும் வழி! கணக்குப் பீரியடில் அதே பையன் ஒழுங்காக இருக்கிறான் என்றால் இன்னும் தெளிவாகிவிடும். பிறகு செய்யவேண்டியது சின்ன விஷயம். நாளைக்கு அவன் வாசிக்கப்போகும் நாலு வரியை இன்றே பழக்கிவிட்டு, அந்த நாலு வரியை மட்டும் கேட்கும்படி டீச்சரிடம் சொல்லலாம்.

"கவனமே இல்லை" என்று டீச்சர் சொன்னால் எண்ணிப் பார்க்கட்டும். 20 நிமிஷம், நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, வேலையில் இருந்தால் டிக். கூடவே பக்கத்தில் சாதாரணமாகப் படிக்கும் ஒரு பிள்ளைக்கும் டிக் போடவேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இவனுக்கு 11, அவனுக்கு 13 என்று வந்தால் கோளாறு பையனிடம் இல்லை, அந்தப் பீரியடில் இருக்கிறது.

குறைபாடு என்று பெரிய பெயர் எதையும் நினைக்குமுன் கண், காது, வயிறு, தூக்கம் பார்க்கவேண்டும். போர்டில் இருப்பதைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா? கண்ணைச் சோதிக்கச் சொல்லவேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் நடக்கும் பள்ளி என்றால் உயர்ந்த கூரை, கல் தரை, ஒரே எதிரொலி. காது மந்தமான பிள்ளைக்கு அங்கே டீச்சர் பேசுவது இரைச்சலாகத்தான் விழும், முன்னால் உட்காரவைக்கவேண்டும். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை 11 மணிக்குத் துவண்டால் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கட்டும். தூக்கமும் அப்படித்தான். சில பிள்ளைகளின் அப்பா கத்தார், குவைத்தில் வேலை பார்ப்பார், அந்த ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே அப்பா 9 மணிக்கு வேலை முடித்து வீடியோ கால் போட்டால் இங்கே பதினொன்றரை. பிள்ளை விழித்திருந்து பேசிவிட்டுத்தான் படுக்கும், மறுநாள் முதல் பீரியடில் கண் சொக்கும். அப்பத்தாவை வரச்சொல்லித் திட்டி என்ன பயன்? பேச்சை வெள்ளி, சனி இரவுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னால் பாதி சரியாகும்.

வாசிப்பைப் பார்க்க இரண்டு வகுப்பு கீழே உள்ள பாடம் ஒன்று போதும். ஒரு நிமிஷம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, தப்புகளை அப்படியே குறிக்கட்டும், இரண்டு வேறு நாள்களில். ல, ள, ழ மாறுவதைப் பெரிதாக எடுக்கவேண்டாம். நம் பக்கம் பேச்சிலேயே ழ இல்லை. "கொக்கு" என்பதில் கொம்பையும் காலையும் சேர்க்கத் தெரியாமல் திணறுவது, புள்ளியைக் கவனிக்காமல் "பக்கம்" என்பதை "பககம" என்பது, முதல் எழுத்தைப் பார்த்து ஊகிப்பது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது: இவை தொடர்ந்து வந்தால், வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லவும் செய்தால், சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டவேண்டும். டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) என்று நோட்டில் எழுதக் கூடாது. ஸ்டாஃப் ரூமில் ஒரு தடவை சொன்ன பெயர் டி.சி. வாங்கிப் போகும்வரை பிள்ளையை விடாது. கற்றல் குறைபாட்டுக்கு மருத்துவச் சான்று இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமும், எழுதிக்கொடுக்க ஆளும் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே அலைய ஆரம்பித்தால்தான் கைக்கு வரும். அப்போது தேதி போட்ட இந்தக் குறிப்புகள் உதவும்.

உதவுகிறேன் என்று பிள்ளையோடு ஒட்டிக்கொண்டே உட்காருவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தப்பு. டீச்சர் அந்தப் பிள்ளையைப் பார்ப்பதை விட்டுவிடுவார், மற்ற பிள்ளைகளும் பக்கத்தில் வரமாட்டார்கள். ஒரு பெஞ்சு தள்ளி உட்காரட்டும். ஒன்று கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது. பென்சிலை அவள் கையில் எடுக்கவே வேண்டாம்.

இதைக் கட்டாயம் அவளிடம் படித்துக் காட்டு: "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. தப்பாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் துருவிக் கேட்காமல், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, அன்றே எச்.எம்.மிடம் சொல்லவேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாரானாலும் போலீசில் சொல்லியாகவேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. பள்ளி பேர் கெட்டுவிடும் என்று யாராவது அமுக்கப் பார்த்தால் அவளே பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்குப் பேசட்டும். பிள்ளையோடு தனியாகப் பேசுவது தாழ்வாரத்தில், நாலு பேர் கண்ணில் படும்படி. கதவைச் சாத்திய அறையில் வேண்டவே வேண்டாம்.

டீச்சர் லீவு போடும் நாளெல்லாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒன்றிரண்டு நாள் செய்யலாம், வழக்கமாகவே ஆனால் எச்.எம்.மிடம் பேசவேண்டும். வாரம் அரை மணி நேரம் யாராவது மூத்தவர் அவள் நோட்டைப் பார்க்க ஒப்புக்கொள்ளவேண்டும். பிள்ளைகளின் பெயருக்குப் பதில் எண் போடட்டும். தேதி, மணி, செய்த வேலை எழுதி மாதக் கடைசியில் கையெழுத்து வாங்கிவிட்டால், டிசம்பரில் சர்டிஃபிகேட்டுக்கு நடக்கவேண்டியதில்லை.

இந்த மாதக் கடைசிக்குள் அவளை இங்கே அனுப்பு, பள்ளி திறக்குமுன் எச்.எம்.களைப் பார்த்துவிடலாம். லேப்டாப் வேண்டாம், அதைத் திறந்தால் வகுப்பு முழுக்க அவளைத்தான் பார்க்கும். நீள நோட்டு ஒன்றும், மணி பார்க்க ஒரு கைக்கடிகாரமும் கொண்டுவரட்டும்.

அன்புடன்,
மெய்யம்மை