கன்றுக் கணக்கு வேறு, கரிக் கணக்கு வேறு

தமிழ்நாடு அரசின் வனத்துறைக்கும் எரிசக்தித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நல்ல இலக்குதான். நட்ட கன்றுகளைக் காட்டி அனல்மின் நிலையப் புகையைக் கழித்துவிடலாம் என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் 70 விழுக்காடு திறனில் ஓடினால் ஆண்டுக்கு 613 கோடி யூனிட். யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு என்றால் 60 லட்சம் டன். வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ இழுக்கும் என்று வைத்தாலும் 30 கோடி மரம் வேண்டும். மூன்று மீட்டர் இடைவெளியில் நட 2.7 லட்சம் ஹெக்டேர், அதாவது நீலகிரி மாவட்டத்தைவிடப் பெரிய நிலம். இது ஒரே ஒரு நிலையத்துக்கு. கன்று அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டாகும்; புகையோ இன்றே வெளியேறுகிறது. வளர்ந்த மரமும் நிரந்தர வைப்பு அல்ல. 2016-இல் வர்தாவும் 2018-இல் கஜாவும் சாய்த்த மரங்கள் மட்கியோ எரிந்தோ பிடித்து வைத்த கரியை (கார்பனை) திருப்பித் தந்துவிடும்.

எனவே முதல் வேலை மின்வாரியத்துடையது. முப்பந்தல் போன்ற நல்ல காற்றுள்ள இடங்களில் 250 கிலோவாட் அளவிலான பழைய காற்றாலைகள் இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு 2 மெகாவாட்டுக்கு மேற்பட்டவற்றை நிறுவுங்கள். துணைமின் நிலையத்தையும் மின்சாரத்தைக் கடத்தும் தொடரமைப்பையும் கூடவே வலுப்படுத்தாவிட்டால் ஆடிக் காற்றில் புதியவற்றையும் நிறுத்தி வைக்க நேரும். நிலக்கரி அலகின் உற்பத்தியை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது என்பதால் அப்போது விட்டுக்கொடுப்பது காற்றாலைதான். மிஞ்சும் மின்சாரத்தில் நீரை மேலேற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்க, 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் போல இன்னும் பல வேண்டும்.

நடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, ஒழுங்காக நடச் சொல்கிறோம். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. கோடையில் தோண்டி வெயில் காயவிட்டு, வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழைக்குப் பின் நடவேண்டும். பையிலேயே அதிக நாள் கிடந்து வேர் சுருண்ட கன்றை வாங்கவே கூடாது. நட்டபின்னும் வேர் அந்தச் சுருளிலேயே சுற்றும், பத்தாண்டு கழித்து ஒரு காற்றுக்குச் சாயும். பெரும்பாலான கன்றுகள் சாவது முதல் இரண்டு கோடைகளில்: தண்ணீர் இல்லை, அல்லது ஆடு. நட ஒதுக்கும் பணத்தில் மூன்றாண்டுப் பராமரிப்பும் வேலியும் அடங்காவிட்டால் அது விழாச் செலவு. சமவெளியில் வேம்பு, புங்கன், இலுப்பை. ஓடைக்கரையில் மருது, நாவல்.

சில இடங்களில் நடவே வேண்டாம். நீலகிரிப் புல்வெளி வெற்று நிலமல்ல. தண்ணீரைத் தேக்கி, மண்ணுக்குள் கரியைச் சேமிக்கும் நிலம் அது. அங்கே முன்பு நட்ட அயல்நாட்டுச் சீகை (வாட்டில்) மரங்களைத்தான் இன்று வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு துறைகளும் தனித்தனிப் பேரேடு வையுங்கள். ஒன்றில் எரித்த நிலக்கரியின் டன், இன்னொன்றில் ஐந்தாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் மரங்களின் எண்ணிக்கை, வட்டம் வாரியாக. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்காமல் இரண்டையும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
காலநிலைக் கணக்குகளைக் கவனித்து வருவோர்