ஏல உறையைத் திறப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அபூர்வமான தபால்தலையோ நாணயமோ ஏலத்தில் விலைபோனால் அதன் தொகை பெரிய எழுத்தில் செய்தியாகிறது. அந்தத் தொகை எந்த முறையில் எட்டப்பட்டது என்பதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. நெடுங்காலமாகத் தபால்தலை சேர்த்து வருபவன் என்ற முறையில், சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் விற்று வாங்கும்போது முறைதான் முதலில் பேசப்பட வேண்டியது என்று கருதுகிறேன்.

1856-இல் வெளியான பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா தபால்தலை 1970-இல் 2,80,000 டாலருக்கும், 1980-இல் 9,35,000 டாலருக்கும், 2014-இல் ஏறத்தாழ 94.8 லட்சம் டாலருக்கும் போனது. அதே தபால்தலை 2021-இல் சுமார் 83 லட்சம் டாலருக்குத்தான் விற்றது. தாளும் மையும் மாறிவிடவில்லை. ஒருவருக்கு மேல் ஒருவர் விலையை ஏற்றிக் கேட்கும் ஏறுமுக ஏலத்தில் இறுதி விலையை முடிவு செய்பவர் வென்றவர் அல்லர். கடைசிவரை அவரோடு போட்டியிட்டு விலகிக்கொண்ட இரண்டாமவரே. அவர் வராத நாளில் அதே பொருள் மலிவாகிவிடுகிறது.

எங்களைப் போன்ற சிறு வட்டங்களில் அந்த இரண்டாமவர் பல நேரங்களில் வருவதே இல்லை. கேட்டலாக் எனப்படும் விலைப்பட்டியல் நூலில் அச்சாகியுள்ள விலையும் பெரிதாக உதவாது. அது நல்ல நிலையிலுள்ள ஒரு பிரதிக்கு வியாபாரி கேட்கும் விலையே தவிர, ஒரு சேகரிப்பாளர் இன்னொருவருக்குத் தரும் விலை அன்று. அடிக்கடி கைமாறும் பொருள்களுக்கு அதில் ஒரு பங்கை நிர்ணய விலையாகச் சொல்லி விற்றுவிடலாம், ஏலமே தேவையில்லை. எப்போதோ ஒருமுறை வெளியே வரும் பொருளுக்குத்தான் சிக்கல். அப்போது விற்பவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று, "நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டு, ஒருவர் சொன்ன தொகையை மற்றவரிடம் சொல்லி ஏற்றுகிறார். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். பொருள் நல்ல விலைக்குப் போனது. கிடைக்காத இருவரும் அதன்பின் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. அவர்கள் மீது பிழையில்லை.

இதற்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது, ஒவ்வொருவரும் தம் தொகையை எழுதி உறையில் மூடித் தரும் மூடிய உறை ஏலம். அதிலும், அதிகத் தொகை எழுதியவருக்குப் பொருள், ஆனால் அவர் செலுத்துவது இரண்டாவது அதிகத் தொகையை என்ற விதி. பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் இதை ஆராய்ந்து எழுதினார். 1996-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் தபால்தலை வியாபாரிகள் 1893-லேயே அஞ்சல்வழி ஏலங்களில் இம்முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது எங்கள் பொழுதுபோக்குக்குரிய சிறு பெருமை. எழுதிய தொகையையே கட்ட வேண்டிய ஏலத்தில், மற்றவர் என்ன எழுதுவார் என்று கணக்குப் போட்டு எல்லோரும் குறைத்தே எழுதுவார்கள். இரண்டாவது தொகை விதியில் அந்தக் கணக்கு வேண்டாம். தமக்கு அது எவ்வளவு பெறுமோ அதை அப்படியே எழுதிவிடலாம். குறைத்து எழுதினால் பொருள் கைநழுவலாம். அதனால் செலுத்தும் தொகை மட்டும் குறைந்துவிடாது.

இம்முறையின் ஓட்டையையும் சொல்ல வேண்டும். உறைகளைத் திறப்பவர் விற்பவரே என்றால், வந்தவற்றில் அதிகத் தொகையைப் பார்த்துவிட்டு அதற்குச் சற்றுக் கீழே ஒரு கற்பனைத் தொகையைச் செருகுவது எளிது. எனவே அந்தப் பொருளை விற்கவோ வாங்கவோ போகாத மூன்றாம் நபர் ஒருவர் உறைகளைத் திறக்க வேண்டும். பெயர்களை மறைத்து, வந்த தொகைகள் அனைத்தையும் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். 'இதற்குக் கீழே தரமாட்டேன்' என்ற அடிமட்ட விலையையும் விற்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஒரே ஓர் உறை வந்தாலும் தகராறு எழாது. வந்தவர் அந்த விலையைக் கட்டுவார்.

இணையவழியில் ஏறுமுக ஏலம் நடத்துவோர் முடிவு நேரத்தைக் கவனிக்க வேண்டும். குறித்த நொடியில் மூடப்படும் ஏலத்தில் அனுபவசாலிகள் கடைசி நொடிக்காகக் காத்திருப்பார்கள், மற்றவர்களுக்கு அதற்கு மேல் விலை கேட்க நேரம் இராது. கடைசியாக ஒருவர் விலை கேட்டபின் பத்து நிமிடம் யாரும் அதற்கு மேல் கேட்காவிட்டால்தான் முடிவு என்று வைத்தால் அந்தத் தந்திரத்துக்கு வேலையில்லை.

எந்த முறையானாலும், பொருளின் நிலையை மறைத்தால் வீண். மறுபடி பசை பூசியது, ஓரம் செதுக்கியது, கிழிசலை ஒட்டியது ஆகியவற்றைச் சொல்லாமல் விற்கும்போது, குறையைக் கவனிக்கத் தவறியவரே அதிகம் எழுதி வெல்கிறார். ஒருமுறை அப்படி ஏமாந்தவர் அடுத்த ஏலத்தில் எல்லாப் பொருளுக்கும் தயங்கித் தயங்கியே எழுதுவார். நேர்மையான விவரிப்பை விற்பவருக்கு இழப்பாகக் கருதுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 1975-இல் லண்டனின் பெரிய ஏல நிறுவனங்கள் வாங்குவோரிடமும் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின. மேலே குறித்த 2014-ஆம் ஆண்டுத் தொகையும் அக்கட்டணம் சேர்ந்ததே. விற்றவர் கைக்கு அது முழுமையாகப் போகவில்லை. அந்தத் தொகையைப் படித்துவிட்டுத் தம் ஆல்பத்துக்கு விலை சொல்ல வருகிறவர்கள் உண்டு. ஏலச் செய்தி வெளியிடும்போது, குறிப்பிடும் தொகையில் வாங்குவோர் கட்டணம் அடங்குமா என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தபால்தலைச் சேகரிப்பாளர் ஒருவர்