லென்ஸ் சூத்திரத்துக்குக் கீழே சூதாட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பின் பிளஸ் 2 இயற்பியல் கணக்குகளுக்கு விடை எழுதி ஓர் இணையதளத்தில் போட்டு வருகிறேன். முதலில் விளம்பரம் வைத்தேன். லென்ஸ் சூத்திரத்துக்குக் கீழே சூதாட்ட விளம்பரம்! ஒரு மாணவியின் அப்பா போனில் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றே எடுத்துவிட்டேன். நஷ்டமும் பெரிதில்லை. விளம்பர வருவாய் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். எட்டு மாதத்தில் சேர்ந்தது 31 டாலர்.

அப்புறம் வேறு வழி பார்த்தேன். தளத்தில் விடைகள் இன்றும் இலவசம்தான். அவற்றையே பாடவாரியாகத் தொகுத்து, அச்செடுக்கத் தோதான பிடிஎஃப் ஆக்கி 60 ரூபாய்க்குத் தருகிறேன். யுபிஐ-யில் பணம் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். ஒருவர் வாங்கிப் பத்துப் பேருக்கு அனுப்புவதும் நடக்கிறது. சரி, படிக்கத்தானே! நிலையான வரவு சனிக்கிழமை ஆன்லைன் வகுப்பில்தான்: 14 பேர், ஆளுக்கு மாதம் 300 ரூபாய். எல்லாரும் தளத்தில் என் விடைகளைப் படித்துப் பார்த்து, நம்பிக்கை வந்தபின் சேர்ந்தவர்கள். டொமைன் (தள முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடம்) செலவு போகக் கையில் நிற்கிறது.

விக்கிப்பீடியா விளம்பரமே இல்லாமல் நன்கொடையில் ஓடுகிறதே என்று நானும் ஒரு நன்கொடைப் பொத்தான் வைத்தேன். இதுவரை கொடுத்தவர்கள் மூவர். அதில் ஒருவர் என் மைத்துனர்.

இப்படிச் சிறு தொகை ஈட்டுவோர் அதை வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று தங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.