98 வாட் மணி என்று விற்ற பேட்டரி கிட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
விழா வீடியோ எடுப்பவர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
கேமரா பேட்டரி விற்பனைப் பிரிவு.

பொருள்: வீடியோ கேமராவுக்கான வெளி பேட்டரி கிட்டில் போட்டிருக்கும் திறன் பொய், ரூ.7,800 திருப்பித் தர வேண்டும்.

ஐயா,

வணக்கம். உங்கள் ஆன்லைன் கடையில் நான் வாங்கிய கிட்டில் ஒரு பேட்டரி பேக், வோல்டேஜைக் குறைக்கும் ஒரு சின்ன போர்டு, ஒன்றரை மீட்டர் ஒயர், கேமராவுக்குள் பேட்டரி இடத்தில் செருகி வெளி மின்சாரத்தைக் கொடுக்கும் டம்மி பேட்டரி ஆகியவை இருந்தன. பேக்கின் மேல் 14.8 வோல்ட், 6600 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி), 98 வாட் மணி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதாவது 98 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு மின்சாரம். இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கிறது.

இந்த கிட் எனக்கு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம், புளியரை வரைக்கும் உள்ள ஊர்களில், அம்மன் கோவில் கொடை (கோவில் திருவிழா) என்றால் செவ்வாய்க்கிழமை ராத்திரி முழுக்க நடக்கும். வில்லுப்பாட்டு ஆரம்பித்தால் பேட்டரி மாற்றுவதற்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். கேமராவோடு வந்த பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். மைக் செட்காரரின் ஜெனரேட்டரில் சொருகலாம் என்றால், சீரியல் செட் எல்லாம் எரியும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். அதை நம்பி கேமராவைக் கொடுக்க மனசு வராது. புனலூர், கொல்லம் பக்கம் வேலைக்குப் போனவர்கள் லீவு கிடைக்காமல் வர முடியாவிட்டால், கொடையை வீடியோவில்தான் பார்க்கிறார்கள். அதனால் விடிய விடிய விடாமல் எடுக்க வேண்டும்.

கணக்கு எளிது. என் கேமரா, திரையைத் திறந்து வைத்து ரெக்கார்ட் செய்தால், சுமார் 8 வாட் இழுக்கும். 98 வாட் மணியில், போர்டில் வீணாவது பத்து சதவீதம் போனாலும், 11 மணி நேரம் ஓட வேண்டும். சித்திரையில் நடந்த ஒரு கொடையில் ராத்திரி ஒன்பது மணிக்கு முழு சார்ஜோடு ஆரம்பித்தேன். நடுராத்திரிப் பூசையான சாமக் கொடை நடந்துகொண்டிருக்கும்போது, பன்னிரண்டரை வாக்கில் கேமரா அணைந்துவிட்டது.

அணைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். சொந்த பேட்டரி தீரும் முன் கேமரா எச்சரிக்கும், ஃபைலை ஒழுங்காக மூடிவிட்டுத்தான் அணையும். டம்மி பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பது கேமராவுக்குத் தெரியாது. உங்கள் பேக்கில் செல்களைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு, வோல்டேஜ் இறங்கியதும் பட்டென்று துண்டித்துவிடுகிறது. பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 11 மணி நேரத்துக்கு என்று வாங்கியது மூன்றரை மணி நேரத்தில் துண்டித்தால், எழுதிக்கொண்டிருந்த கிளிப் பாதியில் நிற்கிறது. அந்தக் கடைசி கிளிப் இன்னும் திறக்கவில்லை. சாமியாடி வேட்டைச் சடங்குக்குப் புறப்பட்டது அதில்தான் இருக்கிறது. விழாக் கமிட்டிக்கு நான் என்ன சொல்வது?

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு உடனே எழுதினேன். முதலில், திரையின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அடுத்து வந்த பதில்தான் அருமை: உங்கள் பகுதி மலையடிவாரம், சாரலின் ஈரப்பதத்தால் பேட்டரி பலவீனமாகியிருக்கலாம் என்றார்கள். எங்கள் ஊரில் சாரல் அடிப்பது உண்மைதான், ஆனியிலும் ஆடியிலும். கொடை அன்று பந்தல் முழுக்கப் புழுதி.

அப்புறம்தான் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் எங்கள் ஊர் அண்ணாச்சியிடம் கொண்டுபோய் பேக்கைத் திறந்தோம். திறந்தால் வாரன்டி போய்விடும் என்று இனி சொல்லாதீர்கள். வாரன்டியில் மாற்றித் தர முடியாது என்று நீங்கள் எழுதிய பிறகுதான் திறந்தோம். திறந்ததை முழுக்க வீடியோ எடுத்திருக்கிறேன், என் தொழிலே அதுதானே.

உள்ளே 18650 என்ற அளவுள்ள எட்டு உருளை லித்தியம் செல்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு வரிசை. சேர்த்த இரண்டின் திறனும் கூடும் என்பதால், நீங்கள் சொன்ன 6600 வர வேண்டுமென்றால் ஒவ்வொரு செல்லும் 3300 எம்ஏஹெச் இருக்க வேண்டும். அந்தத் திறன் உள்ள நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது. அண்ணாச்சி பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தார்: 33 கிராம். நீல உறையை நகத்தால் கீறினால் அடியில் இன்னொரு உறை, பச்சை நிறம், ஓரத்தில் பழைய வெல்டிங் தழும்பு. அதாவது எதிலிருந்தோ கழற்றிய செல்லுக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறீர்கள். திறன் அளக்கும் சார்ஜரில் போட்டுப் பார்த்ததில் செல்லுக்கு 1100-க்குப் பக்கத்தில் நின்றது. எட்டுக்கும் சேர்த்து 32 வாட் மணி. கேமரா ஓடிய நேரத்துக்கும் இதற்கும் கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

ஒயரும் சரியில்லை. போர்டிலிருந்து 7.6 வோல்ட் வருகிறது. கேமரா ஓடும்போது டம்மி பேட்டரியின் முனையில் வைத்துப் பார்த்தால் மல்டிமீட்டர் 7.1 காட்டுகிறது. தலைமுடி மாதிரி ஒயரில் ஒரு ஆம்பியருக்கு மேல் போனால் அப்படித்தான் விழும். அது சின்னக் குறை, தடித்த ஒயர் போட்டு நானே சரி செய்துகொள்வேன். செல்லை அப்படிச் செய்ய முடியாது.

இன்னொன்று. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரப் பதிவு கட்டாயம். உங்கள் பேக்கிலும் பெட்டியிலும் அந்த முத்திரையும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. பழைய செல்லைக் கூட்டம் நிறைந்த பந்தலில் சார்ஜ் ஏற்றி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது பேட்டரி விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நான் கேட்பது இதுதான். ரூ.7,800 முழுதாகத் திரும்ப வர வேண்டும். மாற்று கிட் வேண்டாம், அதே செல்தான் வரும். பொருளை நீங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி என்றதும் இங்குள்ள கூரியரில் வாங்க மறுக்கிறார்கள். 98 வாட் மணி என்ற விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள். அதை நம்பி இன்னும் எத்தனை கல்யாண வீடியோக்காரர்கள் வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் அலுவலகம் வேறு மாநிலத்தில் இருக்கிறதே என்று நான் யோசிக்க வேண்டியதில்லை; நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

பில் நகல், பேக்கைத் திறந்த வீடியோ, தராசில் செல் இருக்கும் படம், உங்கள் பதில்களின் நகல்கள் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
கிட் வாங்கிய வாடிக்கையாளர்,
செங்கோட்டை.